தளிர்விட்ட கால்கள்

அப்புத்தளையில் சிறு மளிகைக்கடை வைத்திருக்கிறேன். கடைக்குப் பின்னாலேயே வீடு. வீட்டுக்குப் பின்னால் தேயிலைச் சரிவு. ஏழு மாதக் கர்ப்பிணியான என் மனைவி வெயில் காய, சரிவின்மேல் நானே ஒரு பலகைத் தளம் போடத் துணிந்தேன். அதற்கு முன் நான் உளி பிடித்ததே இல்லை.

கால்களுக்குப் பச்சைக் கல்யாண முருங்கைக் கொம்புகளை வெட்டி வந்து நட்டேன். எங்கள் கல்யாணத்தில் முகூர்த்தக்காலாக நட்டதும் அந்த மரம்தானே, வீட்டுக்கு நல்லது என்று நினைத்தேன். பலகை அடித்த சில வாரங்களில் கால்கள் தளிர்விட்டன. இருவருக்கும் பூரிப்பு.

ஒரு நாள் விடிந்ததும் தளத்தில் ஒரு காலை வைத்தவள், சட்டென்று பின்வாங்கினாள். "என்னங்க, அடியில என்னமோ அசையுதுங்க."

"நான் நிக்கிறேன் பாரு" என்று ஏறினேன். தளம் அப்படியே சரிந்தது. நான் தேயிலைச் செடிகளுக்குள் கிடந்தேன்.

மேலே பட்டை பச்சையாக இருந்தாலும், உள்ளே வாழைத்தண்டு போல மெத்தென்ற மரம். ஆணி ஒன்றுகூட அதில் நிற்கவில்லை.

அவள் கீழே வந்து என் கையைத் துடைத்தாள்.

"அது மரமாவே நிக்கட்டுங்க. பலகைக்கு வேற காலு போடுங்க" என்றாள்.

வைரம் பாய்ந்த மரத்தில் கால் செய்து, கல்மேல் நிறுத்தினேன். கல்யாண முருங்கை பக்கத்தில் நிழல் தருகிறது. இப்போது எதை அடித்தாலும் முதலில் நானே ஏறிக் குதித்துப் பார்க்கிறேன். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் வாசலிலேயே நிற்பாள்.

"குதிச்சாச்சுங்களா?"