குடை போட்ட புடவை

எனக்கு முகம் தைக்க வராது. பூ, கொடி, சல்வாருக்குக் கழுத்து வேலை, இவைதான் பழக்கம். அதனால் செம்பூரிலிருந்து ஒரு பெண்கள் அமைப்புக்காரம்மா எங்கள் தாராவி பட்டறைக்கு வந்து, துணியிலேயே மனிதர்களின் படம் தைத்துத் தர வேண்டும் என்று கேட்டபோது தலையைக் குனிந்துகொண்டேன். முதலாளி ஒத்துக்கொண்டார். முதலாளி என்றால் என் அத்தான், அக்காவின் கணவர்.

முகம் வேண்டாம் என்று அந்தம்மாவே சொல்லிவிட்டார். அடிக்கும் உதைக்கும் தப்பி வந்த பெண்களின் படங்கள் அவை. இனி இங்கே இருக்க மாட்டேன் என்று ஒவ்வொருத்தியும் முடிவெடுத்த நேரத்தில் எப்படி நின்றாளோ, அப்படியே, முதுகு மட்டும் தெரிய வேண்டும். அன்று உடுத்தியிருந்த துணியில் ஒரு துண்டு தருவார்கள். உடம்பை அதில் வெட்டி வைத்துத் தைக்க வேண்டும். மாட்டுங்காவில் ஒரு ஹாலில் மாட்டப் போகிறார்களாம்.

அந்தம்மா படியிறங்கியதும் அத்தான், "புருஷனை விட்டு ஓடுனதுக்குப் படம் வேறயா" என்றார். யாரும் சிரிக்கவில்லை. எல்லா மிஷினும் ஒரே நேரத்தில் ஓட ஆரம்பித்தன. அக்கா வீட்டை விட்டுப் போய் அது இரண்டாவது மழைக்காலம்.

அவள் மான்குர்த்தில் இருப்பது எனக்கு மட்டும் தெரியும். அஞ்சாங்கிளாஸ் முடித்ததும் அக்காவோடு இந்த ஊருக்கு வந்தவன் நான். பட்டறைக்கு மேலே பரணில்தான் படுக்கை. வேறு வேலைக்குப் போயிருக்கலாம். போனால் அவளிடம்தான் போகிறேன் என்று அத்தான் பின்னாலேயே ஆள் அனுப்புவார். நான் இங்கே இருக்கிற வரைக்கும் அவள் அங்கே இருக்கலாம்.

செம்பூரிலிருந்து வந்த, பெயர் எழுதாத துணிப் பொட்டலங்களை ஒவ்வொன்றாகப் பிரித்தோம். நான் பிரித்த ஒன்றில் கத்தரிப்பூ நிறத்தில், வெள்ளைக் குடை குடையாக அச்சடித்த துண்டு இருந்தது. அக்காவின் புடவை. ஒரு தீபாவளிக்கு அத்தானே வாங்கி வந்தது. கூட இருந்த காகிதத்தில் படம் வரைந்திருந்தது: ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் முதுகு காட்டி நிற்கும் பெண், கையில் டிபன் கேரியர். அன்று அவள் பட்டறைக்குச் சோறு எடுத்து வருகிற வழியில்தான் சயான் ஸ்டேஷன் பக்கம் திரும்பிப் போனாள்.

எங்களிடம் எந்த உருப்படியும் அத்தான் கண்ணில் படாமல் வெளியே போகாது. மேஜையில் விரித்து, டியூப் லைட்டுக்குக் கீழே பிடித்து, பின்பக்கம் நூலையும் இழுத்துப் பார்ப்பார். புடவையை அடையாளம் கண்டுவிட்டால், செம்பூர் அம்மாவின் பின்னாலேயே போனால் போதும், அக்கா இருக்கும் இடம் தெரிந்துவிடும். வேறு யாரிடமாவது தள்ளிவிட்டால் அவன் குடைகள் பளிச்சென்று தெரிகிற மாதிரி தைத்து வைப்பான். நானே எடுத்துக்கொண்டேன்.

துணியைத் திருப்பிப் போட்டேன். மறுபக்கத்தில் சாயம் வெளுத்து, குடைகள் வெறும் கறை மாதிரி இருந்தன. அதற்கு மேல் கத்தரிப்பூ நூலை நெருக்கி ஓட்டினேன். தலைமுடி, பிளாட்பாரம், டிபன் எல்லாம் முடித்துக் கடைசி ஆளாகக் கொண்டுபோய் வைத்தேன்.

அத்தான் உடனே கண்டுபிடித்துவிட்டார். "ஏலே, துணியை உல்டாவா வச்சிருக்க. இத்தனை வருசம் மிஷின்ல உக்காந்து என்ன கிழிச்ச?"

அந்தம்மா அப்படித்தான் கேட்டார்கள் என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் பிரித்து நல்ல பக்கமாக வைத்துத் தைக்கச் சொன்னார். அவர் மேஜைக்கு எதிரே இருந்த மிஷினிலேயே உட்கார வைத்தார்.

பிளேடால் ஒவ்வொரு தையலாக அறுத்தேன். மீதித் துண்டை நல்ல பக்கமாக வெட்டினேன். குடைகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. அவர் டீ குடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார். ஊசிக்குக் கீழே விரலைக் கொடுத்துவிடுவேனோ என்று இருந்தது. மழை பெய்துகொண்டிருந்ததால் கதவைச் சாத்தியிருந்தார்கள்.

தைத்து முடித்ததும் வாங்கி லைட்டில் பிடித்தார். ஒரு குடையின் மேல் கட்டைவிரலை வைத்துத் தேய்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"இப்பத்தான் துணி மாதிரி இருக்கு" என்றார். பிறகு டிபனைச் சுட்டிக்காட்டிச் சிரித்தார். "ஓடிப் போறவ சோத்தையும் கட்டிக்கிட்டா போவா?"

மடித்து மற்றவற்றோடு வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். அவ்வளவுதான். அவர் வாங்கிக் கொடுத்த புடவை, அவருக்குக் கட்டிய சோறு. அவர் அந்தப் புடவையை ஒருநாளும் பார்த்ததில்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவளையும்தான்.

ஞாயிற்றுக்கிழமை பட்டறை ஆட்கள் வராத வடாலா ஸ்டேஷனுக்குப் போய் அங்கிருந்து அக்காவுக்குப் போன் போட்டு எல்லாம் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன்.

"அந்தச் சோத்தைக் குர்லா பிளாட்பாரத்துல உக்காந்து நான்தாம்ல தின்னேன்" என்றாள். "மீன் குழம்பு. ஒரு பருக்கை மிச்சம் வைக்கல." பிறகு கேட்டாள், "நீ எப்பம்ல அங்கேருந்து வருவ?"

வண்டி வருகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். வண்டி எதுவும் வரவில்லை. எப்போதும்போல போனிலிருந்து அவள் நம்பரை அழித்துவிட்டுத்தான் பட்டறைக்குத் திரும்பினேன்.

அக்கா போனதிலிருந்து அத்தானுக்கு மெஸ்ஸிலிருந்து மதியச் சோறு எடுத்து வருவது என் வேலை. புது டிபன் கேரியர். ஸ்டேஷனுக்குத் திரும்புகிற முனை வழியில்தான் வருகிறது. தினமும் அங்கே கொஞ்சம் நிற்கிறேன். சோறு ஆறினால் கத்துவார் என்று நேரே நடக்கிறேன்.