சிவப்பு மேடா, பள்ளமா?

இரண்டாயிரத்து எட்டு வாக்கில் மூளையின் மடிப்புகளை அளந்து முனைவர் பட்டம் வாங்க முயன்றுகொண்டிருந்தேன். மூளையின் மேற்பரப்பு ஒவ்வொரு புள்ளியிலும் எவ்வளவு வளைந்திருக்கிறது என்று கணினி ஓர் எண் தரும். சராசரி வளைவு என்று அதற்குப் பெயர். எண் கூட்டலில் இருந்தால் படத்தில் சிவப்பு, கழித்தலில் இருந்தால் பச்சை. கூட்டல் என்றால் மேடுதான் என்று நானாகவே முடிவு செய்துகொண்டு, ஒற்றைத் தலைவலிக்காரர்களின் மூளையில் ஓரிடத்தில் மேடு கூடுதல் என்று ஓர் அத்தியாயமே எழுதிவிட்டேன். ஏன் கூடுதல் என்பதற்கு மூன்று காரணங்களும் சொல்லியிருந்தேன். மூன்றும் எனக்கு மிகவும் பிடித்திருந்தன.

பொங்கலுக்கு ஓடைப்பட்டியில் தாய்மாமா வீட்டுக்குப் போனேன். மாமாவுக்குத் திராட்சைத் தோட்டம். டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறவன் ஊசி போடமாட்டான் என்பதில் அவருக்கு வருத்தம். இருந்தாலும் மடிக்கணினியில் படத்தைக் காட்டச் சொன்னார்.

“செவப்பு என்னா மாப்ள, மேடா பள்ளமா?”

“மேடு மாமா.”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

“மேடுங்குற. செவப்பெல்லாம் வாய்க்காலுக்குள்ளல்ல கெடக்கு? வரப்பு மேல பச்சையால்ல இருக்கு?”

“அது ரொம்ப நுணுக்கமான விஷயம் மாமா.”

“அவுகளுக்கு வேற சோலியில்ல. நீ சாப்புட வாய்யா” என்று அத்தை கூப்பிட்டார்.

பாதிச் சாப்பாட்டிலேயே எழுந்து வந்தேன். இரண்டு வருடமாகத் திறக்காத மென்பொருள் கையேட்டைத் திறந்தேன். கூட்டல் என்றால் பள்ளம் என்று முதல் பக்கங்களிலேயே போட்டிருந்தது. கொல்லைப்பக்கம் போய் ஆய்வு நெறியாளருக்குப் போன் செய்தேன்.

“அவ்வளவுதானே? மேடுன்னு வர்ற எடத்துலெல்லாம் பள்ளம்னு மாத்திருங்க” என்றார்.

“காரணங்கள் சார்?”

“அது இருக்கட்டும். பள்ளத்துக்கும் பொருந்தும்.”

மாற்றிவிட்டுப் படித்துப் பார்த்தேன். பொருந்தத்தான் செய்தன. தப்பு செய்ததைவிட அதுதான் என்னை அதிகம் வாட்டியது. வாய்மொழித் தேர்வில் வெளியூர்ப் பேராசிரியர் அந்த மூன்று காரணங்களையும் தனியாகக் குறிப்பிட்டுப் பாராட்டினார். ஆய்வேட்டின் நன்றியுரையில் நெறியாளருக்கு ஒரு பத்தி எழுதினேன். மாமாவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

மாமாவோ ஊர் டீக்கடையில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்: “மாப்ள மூளையில ஒரு கோளாறு இருந்துச்சு. டாக்டருகளுக்கே தெரியல, நாந்தான் பாத்துச் சொன்னேன்.”

எனக்குப் பெண் தருவதாக இருந்த சின்னமனூர்க்காரர்கள் அதற்குப் பிறகு பேச்சே எடுக்கவில்லை.