வரிசையாகக் கேட்கச் சொன்ன வேம்புலியம்மாள்

வேம்புலியம்மாளுக்குக் கள்ளிக்குப்பம்தான் சொந்த ஊர். அவருடைய அப்பாவும் அம்மாவும் ஏரிப் பாசன வயல்களில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். வயல்கள் மனைகளானபோது இவர் சித்தாள் வேலைக்குப் போனார். முதுகு ஒத்துழைக்காமல் போன பிறகு, அம்பத்தூரில் நான் பாடம் எடுத்த கம்ப்யூட்டர் சென்டரில் பெருக்கித் துடைக்க வந்தார். 1996இல் நான் அங்கே சேர்ந்தபோது அவருக்கு ஐம்பது வயதிருக்கும், எனக்கு இருபத்திரண்டு. எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். “புஷ்பா கம்ப்யூட்டர் டீச்சர்” என்று ஆவடி குவார்ட்டர்ஸில் அப்பா சொல்லாத வீடு கிடையாது. அந்த வேலை போய்விடுமோ என்கிற பயம் எனக்கு எப்போதும் உண்டு. அதை மறைத்துவிட்டு மற்றதைச் சொன்னால் பொய்யாகிவிடும்.

சனிக்கிழமை ஒரு மணிக்கு மேல் வகுப்பு கிடையாது. முதலாளி ஜானகிராமன் சார் சாப்பிட வீட்டுக்குப் போனால் மூன்று மணிக்குத்தான் வருவார். ஏழாம் நம்பர் மெஷினில் யாரோ ஒரு கொலை விளையாட்டை ஏற்றி வைத்திருந்தார்கள். மலைமேல் ஒரு பங்களா. அதன் சொந்தக்காரர் செத்துக் கிடப்பார். வீட்டில் ஆறு பேர். மவுஸை நகர்த்தி, அம்புக்குறியால் ஆளைத் தொட்டால் பேசுவார்கள். பொருளைத் தொட்டால் தடயம் கிடைக்கும். முடிவில் கொலைகாரரைக் காட்ட வேண்டும். தப்பாகக் காட்டினால் ஆட்டம் மறுபடி முதலிலிருந்து. சென்டரில் விளையாடக் கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தது. நான் விளையாடினேன்.

வேம்புலியம்மாள் என் பின்னால் நின்று பார்ப்பார். அவருக்குப் படிக்கத் தெரியாது. திரையில் வரும் ஆங்கிலத்தை நான் தமிழில் சொல்வேன். இரண்டு தடவை அந்த வீட்டு வேலைக்காரியைக் காட்டித் தோற்றேன்.

“இன்னாத்துக்கு டீச்சர் அவளையே காட்டுற?”

“பொய் சொல்றாங்க. கொலை நடந்த ரூமுக்கே போகலையாம்.”

“வேல பூடும்னு சொல்றா. அதுக்குன்னு கொல பண்ணிருப்பாளா?” என்றவர் திரைக்கு அருகே குனிந்தார். “ஊட்ட எப்டி தொடச்சு வச்சிக்கீறா பாரு. அந்தக் குளிர் காயற அடுப்புல மட்டும் சாம்பல் அப்டியே கீது. எவனோ அள்ள வாணாம்னு சொல்லிக்கீறான். அதத் தொடு.”

தொட்டேன். சாம்பலுக்குள் பாதி எரிந்த ரயில் டிக்கெட், கொலைக்கு முதல் நாள் தேதியோடு. கொலைக்கு மறுநாள்தான் ஊரிலிருந்து வந்ததாகச் சொன்ன, செத்தவரின் தம்பி, முதல் நாளே வந்திருக்கிறான். அவனைக் காட்டினேன். ஜெயித்தோம். வேம்புலியம்மாள் “அப்டி வா” என்று சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போனார்.

ஆனால் அன்று ஆட வேண்டி நான் ஒரு காரியம் செய்திருந்தேன். அந்தக் காலத்து மவுஸின் வயிற்றில் ஒரு ரப்பர் உருண்டை இருக்கும். அது இல்லாவிட்டால் அம்பு நகராது. ஏழாம் மெஷினில் அது தொலைந்து பல நாளாகியிருந்தது. மூன்றாம் மெஷினின் உருண்டையைக் கழற்றி இதில் போட்டேன். மூடியைப் பிடித்துக்கொண்டவரே வேம்புலியம்மாள்தான். ஆட்டம் முடிந்ததும் சாரின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. அவசரத்தில் திருப்பி மாட்ட மறந்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலை சார் மூன்றாம் மெஷினில் உட்கார்ந்தார். மவுஸைத் திருப்பிப் பார்த்தார். நேராக வேம்புலியம்மாளைக் கூப்பிட்டார்.

“ஒன்பது மணிக்கு முன்னால இந்த ரூம்ல இருக்கறது நீ ஒருத்திதான். உருண்டையைத் திருடி எந்தப் பேரனுக்குக் கொடுத்த? பையைக் காட்டு.”

நான் இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். ஒரு வாக்கியம் போதும். சொல்ல வாய் வரவில்லை. வேம்புலியம்மாள் என் பக்கம் கையை நீட்டியிருந்தால் அவர் மேலிருந்த பழி அங்கேயே தீர்ந்திருக்கும். அவர் நீட்டவில்லை. மூடியிருந்த கதவருகே போய் வழிமறித்து நின்றுகொண்டார்.

“காட்றேன் சார். எல்லாரையும் கேளுங்க. வரிசையா கேளுங்க. என் முற வந்தா காட்றேன்.”

“யார்கிட்ட பேசறோம்னு தெரியுதா?”

“தெரியுது. இன்னும் ஒருத்தரயும் கேக்காம என்னையே காட்டிக்கினு கீற.” ‘நீங்க’ அதோடு போய்விட்டது. “சனிக்கிழம யார் யார் இங்க இருந்தாங்க, கேளு.”

வெளியே பத்து மணி மாணவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் காத்திருந்தார்கள். சார் எரிச்சலோடு வரவேற்பு மேஜை ஜமீலாவைக் கேட்டார். அவள் சனிக்கிழமை லீவு. அடுத்தது நான்.

“நான்தான் சார். ஏழுல போட்டிருக்கேன். கேம் ஆடறதுக்கு.”

வேலை போயிற்று என்றே நினைத்தேன். சார் சிரித்தார். “அட, நீங்களா மேடம்? சொல்லக் கூடாதா?”

அவ்வளவுதான். அந்தச் சிரிப்பில் நான் நிம்மதி அடைந்தேன். அதற்காக என்னை நானே இன்னும் மன்னிக்கவில்லை.

வேம்புலியம்மாள் கதவை விட்டு நகரவில்லை. “அவங்க எடுத்தா சொல்லக் கூடாதா. நான் எடுத்தா திருட்டா?”

“சரிம்மா, விடு. போய் வேலையைப் பாரு.”

“வுட மாட்டேன். திருடின்னு சொன்னது நீ. இல்லன்னும் நீயே சொல்லு.”

“தப்பாச் சொல்லிட்டேன். போதுமா?” என்று சார் மானிட்டரைப் பார்த்து முனகினார்.

“ஜமீலா, உனுக்குக் கேட்டுச்சா?”

ஜமீலா பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்காமல், “கேக்கல” என்றாள்.

சார் இன்னொரு முறை, வெளியே நின்ற மாணவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார். அதன் பிறகே வேம்புலியம்மாள் கதவைத் திறந்தார்.

மதியம் குழாயடியில் அவரிடம் போய் நின்றேன். “நான்தான் எடுத்தேன்னு ஏன் சொல்லல?”

“இன்னொருத்தியக் காட்டித்தான் நான் தப்பிக்கணுமா?”

“என் முறை வந்தா நான் சொல்லுவேன்னு நம்பினீங்களா?”

தரை துடைக்கும் துணியைப் பிழிந்து உதறினார்.

“இல்ல. நீ சொல்லாங்காட்டி அந்தக் கதவாண்டயே நின்னுக்கினு இருந்திருப்பேன்.”