பத்திரம் தொலைந்த பிறகு சித்தி பேசிய போன்

அமெரிக்கா வருவதற்கு முன் சித்தியும் சித்தப்பாவும் இங்கிலாந்தில் டாக்டர்களாக இருந்தார்கள். அங்கே ஒரு சின்ன ஊரில் வீடும் வாங்கியிருந்தார்கள். நியூ ஜெர்சிக்குக் கிளம்பியபோது அதை விற்கவில்லை. கூட வேலை பார்த்த நர்ஸ் ஒருவருக்கு வாடகைக்கு விட்டார்கள். சித்தப்பா காலமான பிறகு அந்த நர்ஸுக்கும் உடம்புக்கு முடியாமல் போனது. "வாடகை வேண்டாம், வீட்டைப் பாத்துக்கோ, போதும்" என்று சித்தி போனில் சொல்லிவிட்டாள். எழுத்தில் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. அப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன.

தன் காலத்துக்குப் பிறகு மகள் அலையக் கூடாது என்று சித்தி எல்லாவற்றையும் ஒழுங்கு பண்ண ஆரம்பித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அந்த வீடு அரசாங்கப் பதிவேட்டிலேயே இல்லை. அங்கே சில பழைய வீடுகள் கைமாறும்போதுதான் பதிவுக்கு வருமாம். அதுவரை பத்திரக்கட்டுதான் ஆதாரம். கட்டை வைத்திருந்த வக்கீல் ஆபீஸ் என்றோ மூடிவிட்டது. கட்டு எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை.

நியூ ஜெர்சியில் ஐசலின் என்ற ஊரில், சித்தி வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்து, அந்த ஊர்ப் புது வக்கீலோடு பேசினோம். நிதானமான பெண். வீடு இத்தனை காலமும் உங்கள் கைவசம், உங்கள் அனுபவத்தில் இருந்தது என்று காட்ட வேண்டும் என்றாள். நீங்களே குடியிருக்க வேண்டுமென்பதில்லை, உங்கள் சம்மதத்தோடு ஒருவர் இருந்தாலும் போதும். ஆனால் அவர் "இது என் வீடு" என்று சொல்லிவிட்டால் சிக்கல். "இப்போதைக்கு அவரிடம் எதுவும் சொல்ல வேண்டாம்" என்று முடித்தாள்.

சித்தி லேப்டாப்பை மூடிவிட்டு போனை எடுத்தாள்.

"யாருக்கு சித்தி?"

"அவளுக்குத்தான்."

"வக்கீல் இப்பதானே சொன்னா! கொஞ்சம் வெயிட் பண்ணு."

"அவ இருக்கற வீடுடா. அவளுக்குத் தெரியாம அவளைப் பத்தி எப்படி எழுதிக் குடுக்கறது?"

"அம்மா, ப்ளீஸ் டோன்ட்" என்றாள் சித்தியின் மகள். சித்தி அதற்குள் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டாள்.

ஒன்றையும் மறைக்கவில்லை. பத்திரம் தொலைந்துவிட்டது, நீ நினைத்தால் வீட்டை உனதென்று கேட்கலாம் என்று வக்கீல் பயப்படுகிறாள், என்று ஆங்கிலத்தில் அப்படியே சொன்னாள். முழுக்கக் கேட்டுவிட்டு அந்த அம்மாள் கேட்டார்: "சரி, நான் என்ன எழுதித் தரணும்?"

எழுதித் தந்தார். நான் இவருடைய சம்மதத்தில்தான் குடியிருக்கிறேன், வீடு இவருடையது என்று உறுதிமொழி. கைத்தடியோடு வீட்டைச் சுற்றி நடந்து, நான்கு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்பினார்.

சித்தியும் தன் உறுதிமொழியைச் சொல்லச் சொல்ல நான் டைப் செய்தேன். பின்பக்கத்தில் ஒரு துண்டு நிலம், யாரும் சொந்தம் கொண்டாடாமல் கிடந்தது. அதையும் ஒரு வரியில் டைப் செய்து, சேர்த்துக்கொள்ளலாமே என்றேன்.

"அங்க பக்கத்து வீட்டுக்காரர் புறா வளத்தார்டா. நம்மளுது இல்ல. உண்மைன்னு கையெழுத்துப் போடப்போறேன், விளையாட்டா?"

நான் அந்த வரியை அழித்தேன். அன்றைக்கு அவளை நிமிர்ந்து பார்த்தது நினைவிருக்கிறது. இத்தனை வருஷம் சித்தியைக் கெட்டிக்கார டாக்டர் என்று மட்டும்தான் நினைத்திருந்தேன்.

சில மாதங்களில் வீடு சித்தி பெயரில் பதிவானது. அனுபவத்தை வைத்துக் கிடைத்த உரிமை என்பதால் முழு உரிமைக்கு ஒரு படி கீழேதான். பன்னிரண்டு வருஷம் கழித்து முழு உரிமையாக மாற்றக் கேட்கலாம் என்றாள் வக்கீல்.

"பன்னெண்டா? ஐ வில் வெயிட்" என்று சித்தி சிரித்தாள். அதே கையோடு, அந்த நர்ஸ் ஆயுள் முழுக்க அங்கேயே இருக்கலாம் என்று ஒரு பத்திரமும் எழுதச் சொன்னாள். மகள் மறுப்பு சொல்லவில்லை. இப்போதெல்லாம் அவள்தான் அந்த அம்மாளோடு பேசுகிறாள். போன வாரம் அங்கே ஹீட்டர் ரிப்பேராம். இங்கிருந்தே ஆள் ஏற்பாடு பண்ணிவிட்டாள்.