ஒரு சாணுக்குள் அடங்கிய கார்டு

கோயம்புத்தூர் கணபதியில் ஓடு வேய்ந்த ஒற்றை அறையில், யாரோ கழித்துப்போட்ட ஒரு லேத்தை வைத்துத் தொடங்கியவன் நான். அதே தெருவில் எட்டு லேத் ஓடும் பட்டறை கட்டினேன். விளக்கு அழுது வடியும் வோல்டேஜிலும் தண்ணீர் தள்ளுகிற பம்ப் செட் செய்தேன். கோபிசெட்டிபாளையத்து வாழைத் தோட்டங்களில் போய்ப் பாருங்கள், இன்றைக்கும் ஓடுகிறது. துடியலூரில் வீடு கட்டினேன். மகளை நல்ல இடத்தில் கொடுத்தேன். மகனை என்ஜினியர் ஆக்கினேன். நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. இவ்வளவும் ஊருக்குத் தெரியும். யாரும் சொல்லாத ஒன்று உண்டு. தொண்ணூறுகளின் பின்பாதியில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வீடியோ கார்டு தேர்ந்தெடுத்தவனும் நான்தான்.

அதற்கு மூன்று வருடம் முன்பு என் மனைவி இறந்துபோனாள். காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. மகள் கல்யாணத்தில் எடுத்த வீடியோ கேசட் ஒன்றில் மட்டும்தான் அவள் நடமாட்டமும் குரலும் இருந்தன. அவள் இருந்தவரை அதைப் போட்டுப் பார்க்க எனக்கு நேரமில்லை. போன பிறகு தைரியமில்லை. ஒருவழியாக மனதைத் திடப்படுத்திப் போட்ட அன்றைக்கு, பூஞ்சை பிடித்திருந்த டேப்பை வீடியோ டெக் மென்றுவிட்டது. மாப்பிள்ளை அழைப்பைக்கூடத் தாண்டவில்லை. ஸ்டூடியோக்காரர் ஒருவர் டேப்பைத் துடைத்து, ஒட்டி, வீடியோ சிடியாக மாற்றிக் கொடுத்தார்.

அந்த சிடியை மகனுடைய கம்ப்யூட்டரில் போட்டோம். அவன் பம்ப் டிராயிங் போடுவதற்காக வாங்கிய தட்டையான பெட்டி அது. கல்யாண மண்டபம் வந்தது. பந்திப் பக்கம் அவள் நின்றிருந்தாள், பச்சைப் பட்டில். படம் அப்படியே நின்றுபோனது. மூடிய வாயோடு நின்ற அந்த முகத்திலிருந்து குரல் மட்டும் வந்தது.

“ஏனுங்க... ஒரு நிமிசம் இப்பிடி வந்து நில்லுங்க.”

குரல் முடிந்த பிறகு அவள் வாய் திறந்தது. அப்போது சத்தமில்லை. அடுத்த நொடி படம் மணவறைக்குத் தாவிவிட்டது. நான் மகனைத் திரும்பிப் பார்த்தேன்.

“என்னடா இது?”

“சிடியில படத்த அமுக்கி வெச்சிருக்குதுங்கப்பா. அதப் பிரிச்சுக் காட்ட நம்ம மெஷினுக்குத் தெம்பு பத்தலீங்க. முடியாத படத்தையெல்லாம் நடுவுல தூக்கி எறிஞ்சுபோடும்.”

“எறியுதா? எவ்வளவு?”

“பாதிக்கு மேலயே எறியுமுங்க.”

‘எறியும்’ என்ற அந்தச் சொல் என்னை விடவில்லை. பட்டறையில் லேத் நிற்கும்போதெல்லாம் முதுகுக்குப் பின்னால் ‘ஏனுங்க’ என்று கேட்டது. திரும்பினால் யாரும் இருக்கமாட்டார்கள். எறியப்பட்ட பாதியில் அவள் என்ன செய்தாள், அது எங்கே போனது என்று நினைத்தபடி இருப்பேன்.

“அடுத்த வருசம் வேற கம்ப்யூட்டரே வாங்கிக்கலாங்கப்பா. இப்ப என்னங்க அவசரம்?” என்றான் மகன்.

“உங்கம்மா வாயத் தொறந்தா சத்தம் வரோணும். அதுதாண்டா அவசரம்.”

வீடியோவைப் பிரிப்பதற்கென்றே தனியாகக் கார்டு விற்கிறது, ஆனால் நம் பெட்டிக்குள் அடங்காது, அலையவேண்டாம் என்றும் சொன்னான். எனக்கு அது போதும். ஞாயிற்றுக்கிழமை அவன் மாமனார் வீட்டுக்குப் போயிருந்தபோது பெட்டியின் மூடியைக் கழற்றினேன். கார்டு சொருகும் இடத்துக்கு எதிரே ஹார்டு டிஸ்க் குறுக்கே உட்கார்ந்திருந்தது. பட்டறையில் அளவு பார்க்கும் வெர்னியர் காலிப்பரை வைத்து அளந்தேன். ஒரு சாணுக்கும் குறைவு. வார்ப்புக்கு அச்சு வெட்டுவதுபோல அட்டையில் அளவாக ஒன்று வெட்டி உள்ளே இறக்கிப் பார்த்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது. அட்டையையும் வெர்னியரையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு மறுநாள் காந்திபுரத்துக்குப் பஸ் ஏறினேன். சிடி சட்டைப் பையில் இருந்தது.

கம்ப்யூட்டர் கடைக்காரர் வெர்னியரைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். “ஏனுங்கய்யா, கார்டு என்ன பிஸ்டனுங்களா?”

“பிஸ்டனாட்டம் உக்காந்தா வாங்கிக்கறேன். எடுத்துப் போடுங்க.”

முதலில் எடுத்தது முழங்கை நீளம். விளையாட்டுக்கு ஏற்றது, விலையும் அதற்கேற்றது. அட்டையை மேலே வைத்துக் காட்டினேன். கார்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. எடுத்து உள்ளே வைத்துவிட்டார். இரண்டாவது குட்டை, விலையும் மலிவு. அதைத் தன் கம்ப்யூட்டரில் சொருகி ஒரு சினிமா சிடியை ஓட்டினார். “பாருங்க, வெண்ணெயாட்டம் ஓடுது.”

தண்ணீர் இழுக்காதபோது எந்த மோட்டாரும் இனிமையாகத்தான் ஓடும். லோடு கொடுத்துப் பார்க்காமல் ஒரு மோட்டாரையும் நான் பட்டறையை விட்டு வெளியே அனுப்பியதில்லை.

“ஓடட்டுமுங்க. படம் ஓடறப்பவே இதுக்கு இன்னொரு வேலையுங் குடுங்க. பெரிய வேலையா.”

அவர் எதையோ காப்பி செய்யவிட்டார். கதாநாயகி பாதிச் சிரிப்பில் உறைந்துபோனாள், பாட்டு மட்டும் முன்னால் ஓடியது. அதாவது படத்தைப் பிரித்தது கார்டு அல்ல, கடைக்காரருடைய பலமான கம்ப்யூட்டர். கார்டு சும்மா படத்தை அகலப்படுத்திக் காட்டிக்கொண்டிருந்தது. என் மகனுடைய மெஷினில் இதைச் சொருகியிருந்தால் பழைய கதைதான்.

“எந்தக் காலேஜுங்கய்யா நீங்க?”

“கணபதி காலேஜு. எட்டு லேத்து.”

மூன்றாவது கார்டு அலமாரியின் அடியில் தூசி படிந்து கிடந்தது. விளையாட்டுக்கு உதவாது என்று யாரும் வாங்கவில்லையாம். அதில் படத்தைப் பிரிப்பதற்கென்றே சொந்தமாக ஒரு சிப் இருந்தது. அதே லோடில் ஓட்டச் சொன்னேன். படம் ஓரிடத்திலும் நிற்கவில்லை. கால் மணி நேரம் ஓடவிட்டு, நிறுத்தச் சொல்லி, மோட்டார் உடம்பைத் தொட்டுப் பார்ப்பதுபோலச் சிப்பின்மேல் புறங்கையை வைத்தேன். தாங்குகிற சூடு. அட்டைக்கும் அளவு ஒத்துவந்தது.

“உங்க சிடி ஏதாச்சும் இருந்தாக் குடுங்க, அதையும் போட்டுப் பாத்துரலாம்” என்றார்.

சட்டைப் பைக்குப் போன கை அங்கேயே நின்றுவிட்டது. நாலு பேர் நிற்கிற கடையில் அவள் என்னைக் கூப்பிடுவதை என்னால் தாங்கமுடியாது. இல்லை என்று சொல்லிவிட்டேன்.

வீட்டில் மகன் கார்டைச் சொருகினான். “அளவு எப்பிடீங்கப்பா இவ்வளவு கரெக்ட்டா இருக்குது?” என்று ஒருமுறை கேட்டான். பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

சிடி ஓடியது. பச்சைப் பட்டு. அவள் வாய் திறந்தாள், வாயோடு சேர்ந்தே குரல் வந்தது. “ஏனுங்க... ஒரு நிமிசம் இப்பிடி வந்து நில்லுங்க.”

அப்புறம் படம் மணவறைக்குத் தாவவில்லை. இதுவரை எறியப்பட்டிருந்த பாதி இப்போது வந்தது. அவளுக்குப் பக்கத்தில், இரண்டு எட்டுத் தூரத்தில், வெள்ளைச் சட்டை போட்ட ஓர் ஆள் கையில் ஸ்பானரோடு ஜெனரேட்டர் பக்கம் போகிறான். திரும்பவில்லை. அவள் கண் அவன் பின்னாலேயே கதவுவரை போகிறது. பிறகு கேமராவுக்குத் திரும்பி, பரவாயில்லை என்பதுபோல முந்தானையைச் சரிசெய்துகொள்கிறாள்.

அந்த ஆள் நான்தான்.

மகன் வீடியோவை மூடினான். பம்ப் டிராயிங்கைத் திறந்தான். திறந்தவன் “அப்பா!” என்று நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான். டிராயிங்கில் வாடாமல்லி நிறம் அடித்திருந்த இடத்திலெல்லாம் அவள் இருந்தாள். பம்புக்குள் சுழலும் இம்பெல்லரின் ஒரு வளைவில் பச்சைப் பட்டு, இன்னொன்றில் ஒரு கண். திரையில் அந்த நிறம் தெரிகிற இடத்தில்தான் கார்டு வீடியோவைக் காட்டும் என்று மகன் சொன்னான். கடைசியாகக் காட்டிய படத்தை விடாமல் வைத்திருக்கிறதாம்.

“கலர மாத்தி வெச்சுட்டாச் செரியாப் போயிருமுங்க.”

“இன்னிக்கு வேண்டாம்டா. நாளைக்கு மாத்திக்கோ.”

கம்ப்யூட்டரை அணைக்கிறவரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

பேத்தியின் காதுகுத்துக்கு எல்லோரும் வந்திருந்தபோது சிடியைப் போட்டார்கள். மகள் அழுதாள். மனைவியின் அண்ணன் என் மகன் தோளைத் தட்டினார். “படிப்புன்னா இதுதாங்கண்ணு! உங்கம்மாளயே திருப்பிக் கொண்டாந்து காட்டிப்போட்டியே!” மகன் சிரித்தான். கார்டைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குள் வெள்ளைச் சட்டை வந்தது. “அட, மாப்ள போறாரு பாரு! எந்தங்கச்சி கூப்புடறது காதுல உழுந்தாத்தான!” வீடே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன்.

அன்றைக்குச் சொல்லாததை இங்கே எழுதிவைக்கிறேன். அட்டை வெட்டியது நான். லோடு கொடுத்துப் பொய்க் கார்டைப் பிடித்தது நான். யாரும் சீண்டாத கார்டைத் தூசி தட்டி வாங்கி, அவள் வாய்க்குச் சத்தம் சேர்த்தது நான். என் மகன் சொருகினான், அவ்வளவுதான். இனி இந்த வீட்டில் யார் அந்தப் படத்தைப் போட்டாலும், போடுவதற்கு முன்னால் அதைச் சொல்லியாகவேண்டும். வெள்ளைச் சட்டைக்காரன் வரும்போது சிரித்துக்கொள்ளுங்கள். அவனைக் காட்டிக் கொடுத்த கார்டை வாங்கியதும் அவனேதான் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.