துவக்கு நுனியில் ரோஸ் நிறம்

உம்மடை மகள் நெயில் பொலிஷ் பூசிக்கொண்டு நிண்டாள் பிள்ளை, எனக்கு உடனை அந்த வெள்ளைக்காரக் கிழவன்தான் நினைவு வந்தார். தொண்ணூறுகளிலை லண்டனிலை செவன் கிங்ஸ் பக்கம் துவக்குச் சுடுற கிளப் ஒண்டிலை நான் கிளீனிங் வேலை செய்தனான் எல்லே, அங்கை வாறவர். கொக்கு மாதிரி நெடுவல். டை கட்டாமல் துவக்கைத் தொடமாட்டார்.

அவரின்ரை துவக்கு நுனியிலை குறி பாக்கிற சின்ன இரும்பு ஒண்டு நிக்கும். அது வடிவாத் தெரியட்டுமெண்டு அவரின்ரை மனிசி தன்ரை ரோஸ் பொலிஷைப் பூசிவிட்டவவாம். மனிசி செத்துப்போச்சு. அவருக்கும் பார்வை மங்கிப்போக, குறி பாக்கச் சிவப்புப் பொட்டுத் தெரியிற புதுக் கண்ணாடி ஒண்டைத் துவக்குக்கு மேலை பூட்டினார். "இனி உந்த இரும்பு என்னத்துக்கு, கழட்டு" எண்டு கூட்டாளியள் சொல்ல, மாட்டனெண்டிட்டார். இரும்பும் உள்ளுக்குத் தெரியிற மாதிரிக் கண்ணாடியைப் பதிச்சுத்தான் பூட்டினவர்.

ஆனா அவருக்குப் பொட்டு மட்டுந்தான் தெரியும். வியாழனெண்டா குண்டில்லாத துவக்கை மேசையிலை வைச்சிட்டு என்னைக் கூப்பிடுவார்.

"இவங்களைக் கேட்டாச் சிரிப்பாங்கள். நீர் பாத்துச் சொல்லும், ரோஸ் இருக்கோ?"

முதல் நாள் பயத்திலை ரெண்டு கண்ணையும் மூடிக்கொண்டுதான் ஓமெண்டனான். பிறகு பழகிட்டுது, உண்மையாவே பாத்துச் சொல்லுவன். ஒருநாள் பாத்தா, எண்ணெய்த் துணியாலை அவர் துடைச்சுத் துடைச்சுப் பொலிஷெல்லாம் போய் வெறும் இரும்பு.

"இருக்குது" எண்டன்.

"வடிவாப் பாத்தனீரோ?"

"ஓம், நல்ல ரோஸ்."

அதுக்குப் பிறகு அவர் கேக்கவேயில்லை. துடைக்கேக்கை அந்த நுனியிலை மட்டும் துணி படவிடார். நம்பினவரோ, இல்லாட்டி என்ரை முகத்திலையே கண்டுபிடிச்சவரோ... பொறும், மழை தூறுது, கொடியிலை உடுப்பெல்லாம் கிடக்கு.