சுவரைப் பார்த்த படம்

புதுப்பட்டினத்தில் கடலோரம் ஓர் ஓட்டுக் கட்டடத்தில் சகோதரர் சங்கம் ஒன்று இருந்தது. மீன் ஏற்றுமதி, ஐஸ் கம்பெனி, மளிகை என்று ஆளுக்கொரு தொழில் செய்த ஒன்பது பேர், மாதத்தில் ஒரு ஞாயிறு கதவைச் சாத்திக்கொண்டு கூடுவார்கள். உள்ளே நடப்பதை வெளியில் மூச்சுவிட மாட்டார்கள். ஒருவரையொருவர் 'பிரதர்' என்றுதான் கூப்பிட வேண்டும். கூடப்பிறந்த தம்பியோடு பத்து வருஷமாகப் பேச்சில்லாத என் நைனா, அங்கே போய் எட்டுப் பேரை வாய் நிறைய பிரதர் என்று அழைத்துவிட்டு வருவார்.

தலைவர் பதவி ஆயுளுக்கும். எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, தலைவராக இருந்த ஐஸ் கம்பெனிக்காரர் இறந்துபோனார். மூன்றாம் நாள் அடுத்தவர் நாற்காலியில் உட்கார்ந்தாக வேண்டும். நைனாவின் பெயர் வந்தது. எப்படி வந்தது என்று அவர் வீட்டில் சொல்லவில்லை.

"உனுக்கு இன்னா வயசாயிடுச்சி? அதுல குந்துனவன் எவன் உசுரோட கீறான்?" என்று அம்மா கத்தினாள்.

நைனா சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். ஆயுள் பதவியில் உட்கார்ந்தவர் பதவியிலேயே சாவதில் அதிசயம் இல்லை என்று இன்றைக்குச் சொல்வேன். அன்றைக்கு அம்மா சொன்னதை அப்படியே நம்பினேன்.

பதவியேற்கும் நாளில் மட்டும் குடும்பத்தை உள்ளே விடுவார்கள். காலை பதினொரு மணி, வெளியே சுள்ளென்று வெயில். உள்ளே கால் வைத்ததும் தரை சில்லென்றிருந்தது. சுவரில் இறந்துபோன தலைவர்களின் படங்கள். கடைசியில் ஐஸ் கம்பெனிக்காரர், கறுத்த மீசையோடு இளவட்டமாக இருந்தார். புதுத் தலைவர் பதவியேற்கும் நாளிலேயே அவர் படத்தை முகம் சுவரைப் பார்க்க மாட்டிவிடுவார்களாம். ஆள் செத்தபிறகுதான் திருப்புவார்களாம். அவருக்குப் பக்கத்து ஆணியில் நைனாவின் படத்தையும் முதுகு தெரிய மாட்டினார்கள். முந்தின நாள் ஸ்டுடியோவில் எடுத்தது. பள்ளிக்கூடத்துக்கென்று என்னையும் நாலு வயதுத் தம்பியையும் பாஸ்போர்ட் சைஸில் எடுத்ததும் அப்போதுதான்.

"எடத்த காலியா வுடக் கூடாது பிரதர்," என்றார் இருப்பதில் மூத்தவர். "காலியா கீற எடம் தானா ஒரு ஆளப் புடிச்சிக்கும்."

பிறகு எல்லோரும் பிரியாணி சாப்பிடப் பந்தலுக்குப் போனார்கள். அம்மா என்னிடம் கொடுத்திருந்த கைப்பையை உள்ளேயே விட்டிருந்தேன். எடுக்கப் போனபோது கூடத்தில் ஒருவரும் இல்லை. ஜன்னல் வழியாகக் கடல்காற்று அடித்துக்கொண்டிருந்தது. மற்ற படங்கள் அசையவில்லை. நைனாவின் படம் மட்டும் டக், டக் என்று சுவரைத் தட்டியது, உள்ளேயிருந்து யாரோ கதவைத் திறக்கச் சொல்வதுபோல.

பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் நைனாவின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் போலிருந்தது. ஸ்டூலில் ஏறிப் படத்தைத் திருப்பினேன். கண்ணாடியின் ஓரத்தில், நைனாவின் தோளுக்குக் கீழே, ஒரு சின்னப் படம் செருகியிருந்தது. அதில் தம்பி முழித்துக்கொண்டிருந்தான்.

நைனாவுக்கு அப்புறம் தம்பி சாகப்போகிறான் என்றுதான் எனக்குத் தோன்றியது. உருவி எடுத்துவிட்டேன். காலி இடம் ஆளைப் பிடிக்கும் என்று பெரியவர் சொன்னது உடனே ஞாபகம் வந்தது. அம்மாவின் பையில் ஸ்டுடியோ கவர் இருந்தது. அதிலிருந்து ரெட்டை ஜடையோடு இருந்த என் படத்தை எடுத்து அதே இடத்தில் செருகினேன். தம்பியின் படத்தை என்ன செய்வதென்று தெரியாமல் நாலாகக் கிழித்து, மென்று விழுங்கினேன். படத்தை மறுபடி மாட்டியபோது காற்று அப்படியேதான் அடித்தது. தட்டும் சத்தம் மட்டும் நின்றுவிட்டது. அன்றைக்கு எனக்குப் பிரியாணி இறங்கவில்லை.

நைனா இருபத்து நாலு வருஷம் தலைவராக இருந்தார். அவர் போன மூன்றாம் நாள் காலையில் ஆறு கிழவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். தம்பி எழுந்து நாற்காலி போட்டான். அவர்கள் அவனைப் பார்க்கவே இல்லை. ஒருவர் சட்டைப்பையிலிருந்து மங்கிப்போன என் ரெட்டை ஜடைப் படத்தை எடுத்து நீட்டினார்.

"அவரு படத்த திருப்பனதும் இதான் இருந்துச்சி. அடுத்தது யாருன்னு தலைவருதான் வச்சிட்டுப் போவாரு. பொம்பளன்னு நாங்க யோசிக்கத்தான் யோசிச்சோம். இன்னா பண்றது, அவரு வச்சது. நாற்காலி காலியா கீது. கெளம்பு, பிரதர்."

அப்போதும் என் திருட்டுத்தனம் பலித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் இன்னொருவர், படங்களின் கண்ணாடியைத் துடைக்கும் வேலையும் இனி என்னுடையது என்றார். வருஷத்துக்கு ஒருமுறை, தலைவர் தன் கையாலேயே துடைக்க வேண்டுமாம். தன் படத்தையும் திருப்பித் துடைத்து, மறுபடி சுவரைப் பார்க்க மாட்ட வேண்டுமாம்.

இருபத்து நாலு தடவை நைனா என் முகத்தைத் துடைத்து அங்கேயே வைத்திருக்கிறார். ஒரு நாள்கூட என்னிடம் கேட்கவில்லை.